ஓசைப்படாத நீட்சிகள்

சென்ற மார்கழியில் கும்பகோணத்திலிருந்து என் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரலில் இருந்த கோபமெல்லாம் ஒரு பொது அலுவலகத்தின் மீது இருந்ததேயன்றித் தம் மடிக்கணினியின் மீது சிறிதும் இருக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற அவர், எந்தக் கட்டணத்தையும் கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே செலுத்திவிடும் பழக்கமுடையவர். அப்படிப்பட்டவர், வீட்டு வரி கட்டுவதற்காக அந்த அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, கேட்ட எண்களையெல்லாம் பிழையின்றி இட்டு, பணம் செலுத்துவதற்குரிய பொத்தானை அழுத்தினால், பக்கம் அசையாமல் அப்படியே நின்றது. வங்கியின் சாளரம் திறக்கவில்லை. இன்ன பிழை என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. நான்கு நாட்கள் காலையும் மாலையும் முயன்று பார்த்த பின்பு, அலுவலகத்தின் மேலதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதி வைத்துக்கொண்டுதான் என்னை அழைத்தார். "சைட்டே சரியில்லடா. கடுதாசி எழுதி வெச்சிருக்கேன், நீ ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்லு, அப்புறம் அனுப்பறேன்" என்றார். பொங்கலுக்கு வருகிறேன், அதுவரை பொறுத்திருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதற்கு, வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தார்.

மாட்டுப் பொங்கலன்று பிற்பகல், சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்ததும், நான் முதலில் செய்த காரியம் அதே பக்கத்தை என் கைப்பேசியில் திறந்து பார்த்ததுதான். அங்கே பொத்தான் அழுத்திய உடனே வங்கியின் சாளரம் திறந்தது. அடுத்தபடியாக, மாமாவின் கணினியிலேயே, அவர் வழக்கமாக உபயோகிக்கும் குரோம் உலாவியிலேயே, மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து அதே பக்கத்துக்குப் போனேன். அங்கும் திறந்தது. இரண்டு பரீட்சைகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. ஆனால் வழக்கின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிட்டது. அலுவலகத்தின் மீது குற்றமில்லை என்று கைப்பேசி சாட்சி சொல்லிவிட்டது. வழக்கமான சாளரத்தில் நடவாதது மறைநிலைச் சாளரத்தில் நடக்குமானால், சந்தேகத்துக்குரிய இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: உலாவி நாளடைவில் சேர்த்து வைத்திருக்கும் குக்கிகளும் பழைய கோப்புகளும் ஒன்று, நாம் உலாவியோடு பிணைத்து வைத்திருக்கும் நீட்சிகள் மற்றொன்று. ஏனென்றால், மறைநிலைச் சாளரம் பழைய குக்கிகளைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. நாமாகத் தனியே அனுமதி கொடுத்திருந்தாலன்றி, நீட்சிகளை உள்ளே விடுவதுமில்லை. குறிப்பிட்ட அந்தத் தளத்தின் குக்கிகளையும் பழைய கோப்புகளையும் மட்டும் அழித்துவிட்டு வழக்கமான சாளரத்தில் மீண்டும் அழுத்திப் பார்த்தேன். பக்கம் முன்போலவே நின்றது. ஆகவே எஞ்சியவை நீட்சிகள்.

பயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே பரீட்சையைச் செய்ய அதன் உதவிப் பட்டியலிலேயே பிரத்தியேகமான ஒரு வழி இருக்கிறது. நீட்சிகளையெல்லாம் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உலாவியை மறுபடி தொடங்கும் முறை அது. விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே பயர்பாக்ஸைத் திறந்தாலும் அந்த முறைக்குப் போகலாம். அங்கே நீட்சிகளோடு, தோற்ற அலங்காரங்களும், திரையில் வரைவதற்கு வன்பொருளின் உதவியைப் பெறும் ஏற்பாடும் சேர்ந்தே நிறுத்தப்படுகின்றன என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த முறையில் பழுது நீங்கிவிட்டது என்பதைக் கொண்டே நீட்சிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிடலாகாது.

மாமாவின் நீட்சிப் பட்டியலைத் திறந்தபோது அதில் பதினான்கு இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். விளம்பரங்களைத் தடுப்பவை மூன்று. கோப்புகளைப் பி.டி.எஃப். ஆக மாற்றுபவை இரண்டு. காணொளிகளை இறக்கிக்கொள்ள ஒன்று. அது பேரன் கோடை விடுமுறையில் வந்திருந்தபோது சேர்த்தது. கடைகளில் தள்ளுபடிச் சீட்டு தேடித் தருவது ஒன்று. எழுத்துக்களைப் பெரிதாக்கிக் காட்டுவது, அகராதி, வானிலை, குதித்து வரும் சாளரங்களைத் தடுப்பது, தேடுபொறியை மாற்றுவது முதலியன மற்றவை. "இதெல்லாம் நான் போடலைடா, தானா வந்து உட்கார்ந்திருக்கு" என்று மாமா வியந்தார். தானாக வந்து உட்காருவது அரிது. ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் அவசரத்தில், ஏதோ ஒரு பக்கம் கேட்டதற்குச் 'சேர்' என்று அழுத்தியிருப்பார். அழுத்தியது நினைவை விட்டுப் போயிருக்கும், அழுத்தியதன் பலன் மட்டும் தங்கியிருக்கும். "இதுக்கெல்லாம் பிளக்-இன்னுன்னுதானே பேரு?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். ஏனெனில் பெயர் மாற்றத்தில் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது, அந்தச் சரித்திரம் தெரியாமல் இன்றைய அபாயம் விளங்காது.

1995-இல் வெளிவரத் தொடங்கிய நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பிலேதான் செருகுநிரல், அதாவது பிளக்-இன், என்ற ஏற்பாடு பிறந்தது. அக்காலத்து உலாவிக்கு எழுத்தையும் படத்தையும் காட்டத் தெரியுமேயன்றிப் பி.டி.எஃப். ஆவணத்தையோ காணொளியையோ அசையும் சித்திரத்தையோ காட்டத் தெரியாது. ஆகவே, இவ்வகைப் பொருள் வந்தால் இன்ன நிரலைக் கூப்பிடு என்று உலாவியின் பக்கவாட்டில் ஒரு வாசல் வைத்தார்கள். அந்த வாசல் வழியே வந்தவைதாம் அடோபியின் அக்ரோபேட், மேக்ரோமீடியாவிடம் வளர்ந்து 2005-இல் அடோபியின் கைக்கு வந்த ஃப்ளாஷ், ரியல்பிளேயர், ஜாவா முதலியவை. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆக்டிவ்எக்ஸ் என்ற பெயரில் தனியாக ஒரு வாசல் வைத்துக்கொண்டது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு, படம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டமும், அதன் நடுவே ஒரு புதிர்த்துண்டின் உருவமும், இன்ன செருகுநிரல் இல்லை என்ற வாசகமும் வந்து நின்றது இன்னும் மறந்திருக்காது. நம் நாட்டில் டெண்டர்ப் படிவங்களில் மின்கையொப்பம் இடுவதற்கு ஜாவா தேவைப்பட்டது. இன்ன பதிப்புத்தான் வேண்டும், அதற்கு மேற்பட்டதும் ஆகாது, கீழ்ப்பட்டதும் ஆகாது என்ற நிபந்தனையோடு போராடிய குமாஸ்தாக்கள் எத்தனை பேர்!

அந்தச் செருகுநிரல்களின் பெரிய குறை என்னவென்றால், அவை உலாவியின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கியவை அல்ல. கணினியில் நிறுவப்பட்ட மற்ற எந்த மென்பொருளுக்கும் உள்ள அதிகாரம் அவற்றுக்கும் இருந்தது. அவற்றில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்திலேயே கணினி முழுவதும் அந்நியன் வசமாகிவிடும். 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, உலாவிகளில் ஜாவாவை முடக்கி வையுங்கள் என்று பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவுரை கூறும் நிலை வந்தது. 2015 ஜூலையில், ஒரு நிறுவனத்திலிருந்து திருடி வெளியிடப்பட்ட ஆவணங்களில் ஃப்ளாஷின் ஓட்டைகள் பல அம்பலமானபோது, அவை அடைக்கப்படும் வரை பயர்பாக்ஸ் ஃப்ளாஷைத் தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் பழைய வாசலை முற்றிலும் மூடியது; 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ், ஃப்ளாஷ் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு மூடியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதன் வழியே எதுவும் ஓடாதபடி செய்தது. ஆகையால், இன்று எந்தப் பக்கமாவது, 'உங்கள் ஃப்ளாஷ் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்திப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுமானால், அதை அந்தக் கணமே மூடிவிட வேண்டும். பழைய ஃப்ளாஷ் விளையாட்டுக்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில், ரஃபிள் என்ற மாற்று நிரலின் உதவியால், செருகுநிரல் எதுவும் இல்லாமலே பார்க்கலாம்.

இன்று நாம் பேச்சு வழக்கில் பிளக்-இன் என்று சொல்வது பெரும்பாலும் நீட்சியைத்தான், அதாவது எக்ஸ்டென்ஷனை. இது உலாவியின் எல்லைக்குள்ளேயே வாழ்வது. உலாவி விதித்த அனுமதிகளுக்கு உட்பட்டது. நினைத்தபடியெல்லாம் கணினியைத் தொட முடியாதது. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றந்தான். நீட்சிகளுக்கு நான் விரோதியல்லன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருங்குறி பரவாத காலத்தில் தமிழ் நாளேடுகள் தத்தம் தனி எழுத்துருவில் வந்துகொண்டிருந்தபோது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திரை முழுவதும் பொருளற்ற குறிகளே தோன்றும். அந்தக் குறிகளை ஒருங்குறித் தமிழாக மாற்றிக் காட்டிய 'பத்மா' என்ற பயர்பாக்ஸ் நீட்சி, வெளியூரில் வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்குச் செய்த உபகாரம் சாமானியமானதன்று. உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டெழுத உதவிய 'தமிழ்விசை'யும் அப்படியே. ஊதியம் எதிர்பாராமல், ஒரு குறையைக் கண்டு மனம் பொறாமல், யாரோ ஒருவர் தம் இரவுகளைச் செலவிட்டு ஆக்கித் தந்த பொருள்கள் இவை. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57 ஏற்க மறுத்தபோது, பாதுகாப்புக்காக அது அவசியமே என்று அறிவு ஒப்புக்கொண்டாலும், ஒரு காலகட்டமே முடிந்துவிட்டதாக எனக்குத் துக்கம் உண்டாயிற்று.

கும்பகோணத்துக் கூடத்துக்குத் திரும்புகிறேன். பதினான்கு நீட்சிகளில் எது பொத்தானை முடக்குகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பதினான்கு தடவை பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்க்க நேரலாம். அதற்குப் பதிலாகப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முறை. முதல் ஏழையும் ஒருசேர நிறுத்தினேன். பொத்தான் வேலை செய்தது. ஆகவே குற்றவாளி அந்த ஏழுக்குள் இருக்கிறது. அவற்றில் நான்கை மறுபடி இயக்கினேன்; பொத்தான் நின்றுவிட்டது; ஆகவே அந்த நான்குக்குள். இப்படியே இன்னும் இரண்டு தடவை. கணக்கு வாத்தியாருக்கு இதில் ஏற்பட்ட ஆனந்தத்தை நான் வருணிக்கத் தேவையில்லை, "பதினாறு இருந்தாக்கூட நாலு தடவைதான்டா!" என்று அவரே எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. தனித்தனியே ஒழுங்காக இருக்கும் இரண்டு நீட்சிகள் சேர்ந்தால் மட்டும் பழுது செய்வதுண்டு. ஒரே வேலைக்கு மூன்று விளம்பரத் தடுப்பிகளை வைத்துக்கொண்டால், ஒன்று நீக்கியதை மற்றொன்று தேட, பக்கம் நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்போது பாதியாகப் பிரிக்கும்போது இரண்டு பாதியிலும் பழுது காணாமற் போய்விடும். அப்படிக் காணாமற் போவதே, இது கூட்டுக் குற்றம் என்பதற்கு அடையாளம். கணினி காரணமின்றி மந்தமாக இருக்கிறது என்பது புகாராக இருந்தாலோ, குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எந்த நீட்சி எவ்வளவு நினைவகத்தையும் உழைப்பையும் எடுத்துக்கொள்கிறது என்ற பட்டியல் வரும்.

பழுது நம்மிடத்திலும் இல்லாமல், நீட்சியிலும் இல்லாமல், உலாவியைச் செய்தவர்களிடமே இருப்பதும் உண்டு. 2019 மே 4-ஆம் தேதி சனிக்கிழமை, இந்திய நேரப்படி காலையில், உலகெங்கும் பயர்பாக்ஸ் வைத்திருந்தவர்களின் நீட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. நீட்சிகள் உண்மையானவை என்று முத்திரையிடுவதற்கு, பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா வைத்திருந்த சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியாகிவிட்டதே காரணம். முத்திரை காலாவதியானதால் நல்ல நீட்சிகளெல்லாம் செல்லாதவை ஆயின. தம்மை மறைத்துக்கொள்ள டோர் உலாவியை நம்பியிருந்தவர்களுக்கு அதிலிருந்த 'நோஸ்கிரிப்ட்' என்ற காவலும் அன்று நின்றுபோயிற்று. நீட்சிகளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம், அப்படிச் செய்தால் அவற்றில் சேர்த்து வைத்த விவரங்கள் அழிந்துவிடும் என்று மொசில்லா எச்சரித்தது. அதற்குள்ளேயே அவசரப்பட்டு நீக்கியவர்கள் தம் விவரங்களை இழந்தார்கள். திடீரென்று எல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப்போனால், கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் காத்திருப்பதே உத்தமமான சிகிச்சை.

மாமாவின் கணினியில் நான்காவது பரீட்சையில் அகப்பட்டது, குதித்து வரும் சாளரங்களைத் தடுக்கும் நீட்சி. வங்கியின் பக்கம் தனிச் சாளரத்தில் குதித்து வர வேண்டிய ஒன்று; அதையும் அது விளம்பரம் என்று எண்ணித் தடுத்துவிட்டது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தவுடன் பணம் போய்ச் சேர்ந்தது, ரசீதும் வந்தது, புகார்க் கடிதத்தை மாமா நான்காக மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டார். அங்கேயே காரியம் முடிந்தது என்று எழுந்திருக்கத்தான் அவர் விரும்பினார். ஆனால் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. பழுது செய்த அந்த நீட்சி, தான் செய்வதாகச் சொன்ன வேலையை யோக்கியமாகச் செய்தது. அதனால்தான் ஓசை எழுந்தது. ஓசை எழுந்ததால்தான் நாங்கள் தேடினோம். அதே பட்டியலில், நான்கு பரீட்சையிலும் எந்தப் பழுதும் காட்டாமல், எந்தப் பக்கத்தையும் தடுக்காமல், அமைதியாக உட்கார்ந்திருந்த பி.டி.எஃப். மாற்றி ஒன்று இருந்தது. அதன் விவரத்தைத் திறந்து பார்த்தேன். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது. நீட்சிக் கடையில் தேடினால் அதன் பக்கமே இல்லை. அங்கிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது.

'படிக்கவும் மாற்றவும்' என்ற அந்த இரண்டு சொற்களின் கனத்தை நாம் உணர்வதில்லை. அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாளனிடமிருந்து புறப்பட்ட எந்தப் பக்கமும் அவர் கண்ணில் படாமல் வாசகனிடம் போய்ச் சேராது; எதையும் படிக்கலாம், எதையும் நீக்கலாம், எதையும் சேர்க்கலாம்; வாசகனுக்கோ தன் கையில் உள்ளது எழுத்தாளன் எழுதியதா, இடையில் இருந்தவர் எழுதியதா என்று பிரித்தறிய வழியில்லை. அந்த அனுமதியைப் பெற்ற நீட்சியின் நிலை இதுவே. வங்கிக்கும் நமக்கும், அஞ்சலுக்கும் நமக்கும், மருத்துவமனைக்கும் நமக்கும் இடையே அது உட்கார்ந்திருக்கிறது. பூட்டுச் சின்னத்தோடு வரும் பாதுகாப்பான தொடர்பெல்லாம் கணினி வரையில்தான். மறைகுறியெல்லாம் நீங்கி, எழுத்து எழுத்தாகத் திரைக்கு வந்த பின்புதான் நீட்சி அதைப் படிக்கிறது. விளம்பரத் தடுப்பிக்கும் அகராதிக்கும் இந்த அனுமதி இயல்பாகவே தேவைப்படுகிறது என்பதும் உண்மை. எனவே, அனுமதி கேட்கிறது என்பதைக் கொண்டே ஒன்றைக் கெட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. யாரிடம் அந்த அனுமதி இருக்கிறது என்பதே கேள்வி. அந்த 'யார்' நமக்குத் தெரியாமல் மாறிவிடும் என்பதே இதில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கும் விஷயம்.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு குரோம் நீட்சி இருந்தது. உபயோகத்தில் இல்லாத பக்கங்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை; மிகவும் உதவியான பொருள்; இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதை வைத்திருந்தார்கள். அதை ஆக்கியவர், பராமரிக்க முடியாமல், 2020 ஜூனில் பெயர் அறியப்படாத ஒருவருக்கு விற்றுவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஒரு புதுப்பிப்பில், வேறோரிடத்திலிருந்து கட்டளைகளைப் பெற்று இயங்கும் நிரல் சேர்க்கப்பட்டிருப்பதை விஷயமறிந்த சிலர் கண்டு சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீநிரல் என்று அறிவித்து நீக்கியது. இருபது இலட்சம் பேரும் நம்பியது முதலில் ஆக்கியவரை. சாவி போய்ச் சேர்ந்தது வேறொருவரிடம். இடையே யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நம்மூரில் வீட்டுக்காரனைக் கேளாமல் உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் போவது போன்ற காரியம் இது.

விற்காமலே சாவி பறிபோவதும் உண்டு. 2017 ஆகஸ்டில், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வைத்திருந்த 'வெப் டெவலப்பர்' என்ற நீட்சியை ஆக்கியவர், ஒரு போலி அஞ்சலை நம்பித் தம் கணக்கின் கடவுச்சொல்லை இட்டுவிட, சில மணி நேரத்துக்குள் அந்த நீட்சியின் பெயரிலேயே கலப்படப் பதிப்பு ஒன்று எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் அதை மறைக்காமல் உடனே உலகுக்கு அறிவித்தது பாராட்டத்தக்கது. 2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, 'உங்கள் நீட்சி விதிகளை மீறியிருக்கிறது, கடையிலிருந்து நீக்கப்படும்' என்று குரோம் கடையே எழுதியதுபோல் ஓர் அஞ்சல் வந்தது. அவர் அதிலிருந்த இணைப்பைத் தொடர்ந்து ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் அது காக்கவில்லை, ஏனெனில் கொடுக்கப்பட்டது கடவுச்சொல்லன்று, அனுமதி. மறுநாள் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் வைத்திருந்த அந்த நீட்சியின் புதுப்பிப்பாகத் திருட்டு நிரல் வெளியாயிற்று. அதே சூழ்ச்சிக்கு மேலும் பல நீட்சிகள் இலக்காயின என்பது பின்னர்த் தெரியவந்தது.

பழைய செருகுநிரல்களின் காலத்தில் நமக்குச் சொல்லப்பட்ட புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: உடனுக்குடன் புதுப்பித்துக்கொள். அது அன்றைக்குச் சரியான புத்திமதி. உலாவியைப் பொறுத்தவரை இன்றைக்கும் அதுவே சரி. நீட்சிகளின் விஷயத்திலோ, சில மணிக்கொரு முறை தானாகவே நடைபெறும் அந்தப் புதுப்பிப்பின் வழியாகத்தான் மேற்சொன்ன மூன்று கேடுகளும் வந்தன. புதிய அனுமதி தேவைப்பட்டால் உலாவி நிறுத்தி நம்மைக் கேட்கும். ஆனால் முதலிலேயே எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும் கொடுத்துவிட்டவனிடம் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டைகளை அடைப்பதும் அதே வழியில்தான் வருகிறது. நம் கையில் உண்மையாக இருப்பது எண்ணிக்கை ஒன்றே. பதினான்கு நீட்சிகள் என்றால், நாம் பார்த்தறியாத பதினான்கு பேருடைய விழிப்பையும் நேர்மையையும் பணக் கஷ்டத்தையும் ஒவ்வொரு நாளும் நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நீட்சிகளின் அதிகாரத்தைக் குறைப்பதற்காகக் கூகுள் கொண்டுவந்த மூன்றாம் விதித்தொகுதி, தொலைவிலிருந்து நிரலை வரவழைத்து ஓட்டுவதைத் தடுத்தது நல்ல காரியம். ஆனால் அதே விதித்தொகுதி, யூபிளாக் ஆரிஜின் போன்ற யோக்கியமான விளம்பரத் தடுப்பியையும் குரோமில் பழைய வலிமையோடு வாழவொட்டாமல் செய்துவிட்டது. விளம்பரத்தால் வாழும் ஒரு ஸ்தாபனம் இயற்றிய விதியில் இப்படி ஒரு விளைவு இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பயர்பாக்ஸில் அந்த நீட்சி இன்றும் முழு வலிமையோடு இயங்குகிறது.

அன்று மாமாவின் கணினியில் செய்ததைச் சொல்கிறேன். பெயரும் பயனும் அவருக்கே தெரியாத ஒன்பதை நீக்கினோம். மூன்று விளம்பரத் தடுப்பிகளில் இரண்டு அந்த ஒன்பதில் அடக்கம்; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அகராதி நீட்சிக்கு, எல்லாத் தளங்களிலும் என்றிருந்த அனுமதியை, அதன் சின்னத்தை அழுத்தும்போது மட்டும் என்று மாற்றினோம். குரோமில் ஒவ்வொரு நீட்சியின் விவரப் பக்கத்திலும் இந்த மாற்றத்துக்கு இடமிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தள்ளுபடிச் சீட்டு தேடித் தரும் நீட்சியை விட மாமாவுக்கு மனமில்லை. ஆகவே உலாவியிலேயே தனியாக ஒரு சுயவிவரம் உண்டாக்கி, கடைகளுக்குப் போவதெல்லாம் அதில், வங்கியும் அஞ்சலும் நீட்சியே இல்லாத மற்றொன்றில் என்று பிரித்துவிட்டோம். வைத்திருந்த மற்றவையும் கடைச் சுயவிவரத்துக்கே போயின.

அமைதியாக உட்கார்ந்திருந்த அந்தப் பி.டி.எஃப். மாற்றியை நீக்கியதோடு நிற்கவில்லை. இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். நீட்சியை நீக்குவது இனிமேல் நடக்கக்கூடியதைத் தடுக்கும்; முன்பே எடுத்துச் சென்றதைத் திரும்பக் கொண்டுவராது. அஞ்சலுக்குள் ஒருமுறை நுழைந்தபின் உலாவி வைத்திருக்கும் அடையாளக் குக்கி வேறொருவன் கையில் இருந்தால், கடவுச்சொல் இல்லாமலே அவன் உள்ளே போகலாம். ஆகவே முதலில் நீட்சியை நீக்கி, அதன் பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி அஞ்சல் கணக்கில் கட்டளையிட்டு, அதற்கும் பிறகே கடவுச்சொல்லை மாற்றினோம். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் நீட்சி உள்ளே இருக்கும்போதே புதிய கடவுச்சொல்லைத் தட்டினால் அதையும் அது படித்துக்கொள்ளும். அஞ்சலுக்கு அடுத்தபடி வங்கி. கணக்கில் நாமறியாத கருவியோ, அனுமதி பெற்ற அந்நியச் செயலியோ இருக்கிறதா என்றும் பார்த்தோம். நீக்க முடியாதபடி ஒரு நீட்சி ஒட்டிக்கொண்டிருந்து, சொந்தக் கணினியிலேயே, 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வாசகமும் உலாவியின் பட்டியலில் தென்பட்டால், தீநிரல் ஒன்று கணினிக்குள்ளேயே புகுந்து உலாவிக்குக் கட்டளையிடுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது உலாவியோடு போராடிப் பயனில்லை, கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். மாமாவின் கணினியில் நல்லவேளையாக அது இல்லை.

எல்லாம் முடியும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. மாமா தம் நாட்குறிப்பில், மிஞ்சிய ஐந்து நீட்சிகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எதற்காக என்பதையும், அன்றைய தேதியையும் எழுதி வைத்துக்கொண்டார். மாதம் முதல் தேதியில் அந்தப் பட்டியலையும் உலாவியின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். புதிதாக ஏதாவது தோன்றினாலோ, ஏற்கெனவே இருப்பதன் பெயரோ சின்னமோ மாறினாலோ எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார். நாட்குறிப்பில் எழுதும் இந்த வழக்கத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பழுதும் தென்படாவிட்டாலும், இன்றைக்கே உங்கள் உலாவியின் நீட்சிப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் உபயோகிக்கும் கணினி இருந்தால், அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதையும் திறந்து பாருங்கள். எதற்காகச் சேர்த்தது என்று உங்களில் ஒருவருக்கும் நினைவில்லாத நீட்சி எதுவாயினும், அதை நீக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிய பிறகு, கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.